கரியர் கோச்சுக்குப் பணம் கட்டுமுன்

ஒரு தாளை எடுத்து ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: "எனக்கு இது நடக்க வேண்டும், ஆனால் இன்ன காரணத்தால் நடக்கவில்லை." கோச் வேண்டுமா வேண்டாமா என்பதற்குப் பாதி விடை அந்த இரண்டாம் பாதியில் இருக்கிறது. அங்கே "என் வெளிநாட்டுப் பட்டத்துக்குச் சாக்வா மதிப்பீட்டுச் சான்றிதழ் வரவில்லை", "என் விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை", "மேனேஜர் வேண்டுமென்றே பதவி உயர்வைத் தடுக்கிறார்" என்றெல்லாம் வந்தால், கோச்சிடம் போய் ஆகப்போவது ஒன்றுமில்லை. "இருக்கிற வேலையா, புதுத் துறையா என்று ஒன்பது மாதமாகத் தடுமாறுகிறேன்", "சிவி தயார், அனுப்பத்தான் கை வரவில்லை", "மீட்டிங்கில் வாயே திறப்பதில்லை, அதனால் மேலே இருப்பவர்களுக்கு என்னைத் தெரியாது" என்று வந்தால் மேற்கொண்டு படியுங்கள்.

தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வந்த தமிழர்களை மனதில் வைத்து எழுதியது இது. ஜோகன்னஸ்பர்க்கிலோ டர்பனிலோ கேப் டவுனிலோ ஐடி வேலைக்கு வந்தவர்கள், துணையாக வந்த கணவன்மார், மனைவிமார், இங்கே படிப்பை முடித்துவிட்டு நிற்கும் இளையவர்கள். டர்பனின் சாட்ஸ்வர்த்திலும் ஜோகன்னஸ்பர்க்கின் லெனேசியாவிலும் தலைமுறை தலைமுறையாக இருக்கும் குடும்பங்களில் இப்படியொரு கேள்வி வந்தால் கோயில் கமிட்டியில் ஒரு அங்கிள் இருப்பார், அவருக்குத் தெரிந்த ஒருவர் அந்த கம்பெனியில் இருப்பார். புதிதாக வந்தவர்களுக்கு அந்த அங்கிள் இல்லை. அவர் இடத்தில் கோச்சை வைத்துப் பார்க்கிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

கோச் என்பவர் யார்

கோச் உங்களுக்கு வேலை தேடித் தருபவர் அல்ல. ஆள் அறிமுகம் செய்பவரும் அல்ல. கேள்வி கேட்டு, உங்கள் யோசனையை உங்களுக்கே தெளிவாக்கி, "அடுத்த சந்திப்புக்குள் இதைச் செய்கிறேன்" என்று உங்கள் வாயால் சொல்ல வைத்து, செய்தீர்களா என்று திரும்பக் கேட்பவர். அவ்வளவுதான். சரியான நேரத்தில் அது பெரிய உதவி. தவறான நேரத்தில் விலை உயர்ந்த அரட்டை.

உங்கள் துறையில் பத்து வருடம் முன்னால் நடந்தவர் "இந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம் பள்ளம்" என்று சொன்னால் அவர் மென்ட்டர். பெரும்பாலும் காசு வாங்கமாட்டார். ஆள் பிடித்துத் தருபவர் ரெக்ரூட்டர்; அவருக்குப் பணம் தருவது கம்பெனி, ஆகவே அவர் கம்பெனியின் ஆள், உங்கள் ஆள் அல்ல. ஆளுமைத் தேர்வு, திறன் தேர்வு வைத்து எந்தத் துறை பொருந்தும் என்று அளந்து சொல்ல வேண்டுமென்றால் அது எச்பிசிஎஸ்ஏ என்ற சுகாதாரத் தொழில்முறையாளர் மன்றத்தில் பதிவு பெற்ற சைக்காலஜிஸ்ட் அல்லது சைக்கோமெட்ரிஸ்ட் வேலை. உளவியல் தேர்வுகளை நடத்தி விளக்குவது இந்த நாட்டில் சட்டப்படி பதிவு வேண்டிய காரியம். ஒருவர் பதிவில் இருக்கிறாரா என்று அந்த மன்றத்தின் ஆன்லைன் பதிவேட்டில் பெயரைப் போட்டு இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

"கோச்" என்ற பெயருக்கு அப்படி ஒரு பதிவும் சட்டமும் கிடையாது. இன்று காலை முடிவு செய்து மாலையில் போர்டு மாட்டலாம். நல்லவர்கள் இல்லை என்பதல்ல. வடிகட்டும் வேலை முழுக்க உங்கள் தலையில் என்று அர்த்தம்.

முதலில் தட்ட வேண்டிய கதவுகள்

விசா: வேலை விசாவில் இருக்கும் கணவனுக்கோ மனைவிக்கோ துணையாக வந்தவருக்கு, அந்தத் துணை விசாவே வேலை செய்யும் உரிமையைத் தராது. பொது வேலை விசா ஒரு குறிப்பிட்ட முதலாளியோடு கட்டப்பட்டது. வேலை மாறினால் விசா விஷயமும் மாற வேண்டும். இந்த முடிச்சை அவிழ்ப்பவர் குடிவரவுச் சட்டம் தெரிந்தவர். மூன்று மாதம் கோச்சோடு பேசி "இதுதான் என் பாதை" என்று கண்டுபிடித்தபின், அந்தப் பாதையில் கால் வைக்க அனுமதியே இல்லை என்று தெரியவருவது பெரிய வேதனை.

சான்றிதழ்: வெளிநாட்டுப் பட்டத்தை இங்கே மதிப்பிட்டுத் தருவது சாக்வா. தென்னாப்பிரிக்கத் தகுதிச் சட்டகத்தில் பத்து படிகள்: மெட்ரிக் (இங்கே பன்னிரண்டாம் வகுப்பு) 4, டிப்ளமா 6, பட்டம் 7, ஹானர்ஸ் 8, முதுகலை 9, முனைவர் 10. ஊரில் நீங்கள் பட்டம் என்று நினைத்து வைத்திருப்பது இங்கே எந்தப் படியில் உட்காரும் என்று தெரியாமல் வேலைக்கு விண்ணப்பித்தால், பதிலே வராது. நீங்களோ உங்களையே நொந்துகொள்வீர்கள். பொறியாளர் என்றால் எக்சா, ஆசிரியர் என்றால் சேஸ், மருத்துவம், பிசியோதெரபி என்றால் எச்பிசிஎஸ்ஏ, நர்ஸ் என்றால் நர்சிங் கவுன்சில் என்று தனித்தனிப் பதிவும் உண்டு. தபால்காரனுக்குக் காத்திருப்பதுபோல் இதற்கெல்லாம் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முதலில் விண்ணப்பித்துவிடுங்கள்.

"இஇ" என்று போட்ட விளம்பரம்: வேலை விளம்பரத்தில் எம்ப்ளாய்மென்ட் ஈக்விட்டி (சுருக்கமாக இஇ; நிறவெறிக் காலத்தில் ஒதுக்கப்பட்டவர்களுக்கு வேலையில் வாய்ப்புத் தரும் சட்டம்) பற்றிய வரி இருந்தால், புதியவர்கள் "நாமும் இந்தியர்தானே" என்று நினைத்துவிடுகிறார்கள். சட்டம் சொல்லும் இந்தியர், பிறப்பாலோ வம்சாவளியாலோ தென்னாப்பிரிக்கக் குடிமகனாக இருப்பவர், அல்லது 1994 ஏப்ரல் 27க்கு முன் குடியுரிமை பெற்றவர், அல்லது நிறவெறிச் சட்டங்கள் தடுத்ததால் அதற்குமுன் பெற முடியாமல் போனவர். போன வருடம் சென்னையிலிருந்து வந்தவருக்கு அந்த வரி பொருந்தாது. நாற்பது விண்ணப்பத்துக்குப் பதில் வராததன் காரணம் இதுவாக இருக்கலாம். இதை அறிந்த கோச் முதல் பேச்சிலேயே சொல்வார். அறியாதவர் உங்கள் "தன்னம்பிக்கையை" வளர்க்கப் பார்ப்பார்.

வேலையிடத் தகராறு: அநியாயமாக வேலைநீக்கம் செய்தார்கள் என்றால் சிசிஎம்ஏ என்ற வேலைத் தகராறு தீர்க்கும் அமைப்பில் புகார் பதிய 30 நாள்தான் இருக்கிறது. பதவி உயர்வு, பதவி இறக்கம் போன்றவற்றில் அநியாயம் என்றால் 90 நாள். கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலே பதியலாம். கோச்சிடம் மனக்குறை சொல்லிக்கொண்டிருக்கும்போது இந்த நாட்கள் ஓடிவிடும். இன்னொன்று: பொதுவாக, தானாக ராஜினாமா செய்தவருக்கு யூஐஎஃப் என்ற வேலையின்மைக் காப்பீட்டு நிதியின் பணம் கிடைக்காது. "துணிந்து விட்டுவிடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று எந்தக் கோச் உற்சாகப்படுத்தினாலும் இதை நினைவில் வையுங்கள்.

மனது: தூக்கம் இல்லை, காலையில் எழ முடியவில்லை, பிடித்த எதுவும் பிடிக்கவில்லை என்று சில வாரமாக இருந்தால் அது கரியர் பிரச்சினை மட்டும் அல்ல. மருத்துவரையோ சைக்காலஜிஸ்ட்டையோ பாருங்கள். பெரிய கம்பெனிகள் பலவற்றில் ஊழியர் நலத் திட்டத்தில் இலவச கவுன்சலிங் உண்டு. எச்ஆரிடம் கேட்டால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளையின் பாட விஷயம்: ஒன்பதாம் வகுப்பு முடிவில் மேத்ஸ் எடுப்பதா, மேத்ஸ் லிட்டரசி (அன்றாட வாழ்வுக்கான எளிய கணக்குப் பாடம்) எடுப்பதா என்ற கேள்வியோடு கோச்சைத் தேடும் பெற்றோர் உண்டு. மேத்ஸ் லிட்டரசி எடுத்தால் பொறியியல், மருத்துவம், கணக்குத் துறை போன்றவற்றின் வாசல் பெரும்பாலும் அடைபடும். இதற்குக் கோச் வேண்டாம். பள்ளி ஆசிரியரும், பல்கலைக்கழகம் வெளியிடும் சேர்க்கை விதிகளும் போதும். இன்னும் சந்தேகம் இருந்தால் பதிவு பெற்ற சைக்காலஜிஸ்ட்டிடம் ஒரு முறை மதிப்பீடு.

நான்கு வாரம் தனியாக

கதவுகளையெல்லாம் தட்டியாகிவிட்டது, இன்னும் சிக்கல் இருக்கிறது என்றால், நான்கு வாரம் கோச் இல்லாமல் முயன்று பாருங்கள். காசு மிச்சமாகிறதோ இல்லையோ, எங்கே முட்டுகிறது என்பது தெரிந்துவிடும். அது தெரியாமல் கோச்சிடம் போனால் அவருடைய முதல் இரண்டு சந்திப்புகள் அதைக் கண்டுபிடிக்கவே செலவாகும், உங்கள் பணத்தில்.

முதல் வாரம்: தினமும் வேலை முடிந்ததும் இரண்டு வரி. இன்று எந்த வேலையில் நேரம் போனதே தெரியவில்லை? எந்த வேலையில் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? காரணம் எழுத வேண்டாம், வேலையின் பெயர் போதும். இதை இரண்டாம் வாரமும் தொடர்ந்து பத்து வேலை நாளாக்குங்கள். ஐந்து நாளில் ஒரு மோசமான மேனேஜரின் நிழல்தான் தெரியும். பத்து நாளில் வேலையின் சாயல் தெரியும்.

இரண்டாம் வாரம்: நீங்கள் ஆசைப்படும் வேலைக்கான விளம்பரங்கள் 20 சேர்த்து, ஒவ்வொன்றும் கேட்கும் தகுதிகளைப் பட்டியல் போட்டு எத்தனை முறை வருகிறது என்று கோடு போடுங்கள். 12 விளம்பரத்துக்கு மேல் கேட்கும் ஒன்று உங்களிடம் இல்லையென்றால் இடைவெளி அங்கே இருக்கிறது. அதைப் படிப்புதான் நிரப்பும், பேச்சு நிரப்பாது. தங்களுக்கு எல்லாத் தகுதியும் இருக்கிறது, நம்பிக்கைதான் குறைவு என்று எண்ணிக்கொண்டிருந்த பலருக்கு இந்த வாரம்தான் கண் திறக்கும்.

மூன்றாம் வாரம் ஐந்து பேரிடம் பேச வேண்டும். நண்பர்களிடம் அல்ல, அந்த வேலையை இப்போது செய்பவர்களிடம். லிங்க்டுஇன்னில் ஐந்து வரிக்கு மிகாமல் எழுதுங்கள்: நீங்கள் யார், ஏன் அவரைத் தேர்ந்தெடுத்தீர்கள், 20 நிமிடம் போதும், வேலை கேட்கவில்லை, எந்த நாள் வசதி. ஐந்து பேர் வேண்டுமென்றால் பதினைந்து பேருக்காவது அனுப்புங்கள். இங்கே அலுவலகங்களில் பெரியவர்களையும் முதற்பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள். "சார்", "மேடம்" என்று தொடங்கினால் மரியாதைக்குப் பதில் தூரம்தான் தெரியும். ஆனால் டர்பன் பக்கம் ஒரு தமிழ்ப் பெரியவரிடம் பேசினால் "அங்கிள்", "ஆன்ட்டி" என்பதே இயல்பு. கேட்க வேண்டியவை மூன்று: ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படிப் போகும்? இந்த வேலைக்குப் புதிதாக வருபவர் எதில் தடுக்கி விழுகிறார்? இப்போது ஆளெடுத்தால் எதைப் பார்த்து எடுப்பீர்கள்?

நான்காம் வாரம்: ஐந்து விண்ணப்பங்கள். பொருத்திப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் சிவியின் மேல்பாதியை மாற்றி எழுதி அனுப்புங்கள். ஐம்பது பேருக்கு ஒரே சிவியை அள்ளி விடுவது கணக்கில் வராது.

இந்த நான்கு வாரத்தை நவம்பர் கடைசியில் தொடங்காதீர்கள். டிசம்பர் 16 விடுமுறையையொட்டி நாடே மூடிக்கொள்ளும். ஜனவரி இரண்டாம் வாரம் வரை யாரும் பதில் போடமாட்டார்கள். அந்த மௌனத்தைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு ஜனவரியில் கோச்சுக்குக் காசு கட்டுபவர்கள் உண்டு.

எங்கே முட்டியது?

விண்ணப்பம் போகிறது, அழைப்பே வரவில்லை என்றால் சிவி, சான்றிதழ், விசா, இஇ இவற்றில் ஒன்று. கோச் வேண்டாம். நேர்காணல் வரை போய் நான்கைந்து முறை திரும்பினால் வேண்டியது நேர்காணல் பயிற்சி; இரண்டு சந்திப்பு போதும், துறை நண்பர் ஒருவர் மாதிரி நேர்காணல் நடத்தினாலும் போதும். தமிழர்களுக்கு இதில் ஒரு தனித் தடுமாற்றம் இருக்கிறது. "நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்றால் "நாங்கள் செய்தோம்" என்றே பதில் வரும். அடக்கமாகச் சொல்கிறோம் என்று நாம் நினைப்போம்; எதிரே இருப்பவர் "இவர் எதுவும் செய்யவில்லை" என்று குறித்துக்கொள்வார். சூழல், என் பொறுப்பு, நான் செய்தது, விளைவு என்று நான்கு வரியில் ஆறு சம்பவங்களை எழுதி, கண்ணாடி முன் உரக்கச் சொல்லிப் பழகினால் பாதி சரியாகிவிடும்.

இரண்டு ஆஃபர் கையில் இருக்கிறது, முடிவெடுக்க முடியவில்லை என்றால் ஒரே ஒரு சந்திப்புக்குக் கோச்சைப் பார்க்கலாம்.

ஐந்து விண்ணப்பம் அனுப்பச் சொன்னதில் ஒன்றுகூட அனுப்பவில்லை, பதினைந்து பேருக்கு எழுதச் சொன்னதில் மூன்று பேருக்குத்தான் எழுதினீர்கள், நேரமும் இருந்தது, உடம்பும் நன்றாக இருந்தது என்றால், அதுதான் கோச்சுக்கான இடம். அதேபோல் மேனேஜராகப் பதவி உயர்ந்து, நேற்றுவரை கூட உட்கார்ந்து டீ குடித்தவர்களுக்கு இன்று வேலை சொல்ல வேண்டிய நிலை வந்தவர்களுக்கும் நல்ல கோச் உண்மையிலேயே பயன்படுவார்.

காசும் நேரமும்

கட்டணம் ஆளுக்கு ஆள் பெரிதும் மாறும். உங்கள் கணக்கைப் போட ஒரு உதாரணம்: ஒரு சந்திப்பு 1,200 ராண்ட், ஆறு சந்திப்பு என்று வைத்துக்கொண்டால் 7,200. சொன்ன தொகை வாட் சேர்ந்ததா என்று கேளுங்கள். சேரவில்லையென்றால் 15 சதவீதம், 1,080 ராண்ட் கூடி 8,280. இரண்டு வாரத்துக்கு ஒன்றாக ஆறு சந்திப்பு என்றால் கிட்டத்தட்ட மூன்று மாதம் ஓடும். ஒவ்வொரு வாரமும் வீட்டுப்பாடத்துக்குக் குறைந்தது மூன்று மணி நேரம். வாரத்தில் மூன்று மணி நேரத்தைத் தனியாக ஒதுக்க முடியாதவர் கோச்சுக்குக் கட்டும் பணம் வீண். கடன் வாங்கியோ கிரெடிட் கார்டிலோ கட்ட வேண்டியிருந்தால் இப்போதைக்கு வேண்டாம். வேலை போன நேரத்தில் என்றால் கண்டிப்பாக வேண்டாம்; மூன்று மாத வீட்டுச் செலவு தனியாக இருக்கிறதா என்பதே அப்போது முதல் கேள்வி.

கம்பெனி கட்டுமா என்று கேட்டுப் பாருங்கள். ஆண்டுச் சம்பளப் பட்டியல் 5 லட்சம் ராண்டுக்கு மேல் உள்ள கம்பெனிகள் திறன் மேம்பாட்டு வரியாக அதில் 1 சதவீதம் கட்டுகின்றன. ஆண்டுதோறும் ஏப்ரல் 30க்குள் தங்கள் பயிற்சித் திட்டத்தைச் செட்டா என்ற துறைவாரிப் பயிற்சி அமைப்பிடம் கொடுத்தால் அந்த வரியில் 20 சதவீதம் மானியமாகத் திரும்ப வரும். எனவே எச்ஆரிடம் கேட்க நல்ல காலம் ஜனவரி, பிப்ரவரி. திட்டம் எழுதும்போது உங்கள் பெயரும் உள்ளே போகலாம். மே மாதம் போய் நின்றால் "அடுத்த வருடம் பார்ப்போம்".

கம்பெனி கட்டினால் இரண்டு விஷயம் எழுத்தில் வேண்டும். ஒன்று, நீங்கள் கோச்சிடம் சொல்வதில் எது மேனேஜர் காதுக்குப் போகும்: வந்தார், வரவில்லை, இலக்கு இது என்பதோடு நிற்க வேண்டும். இரண்டு, ஒரு வருடத்துக்குள் வேலையை விட்டால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டுமா. வேறு வேலைக்குத் தாவலாமா என்பதே உங்கள் கேள்வி என்றால் கம்பெனிக் காசில் அதைப் பேசாதீர்கள்.

காசே இல்லாத வழிகளும் உண்டு. தொழிலாளர் துறையின் லேபர் சென்டர்களில் வேலை தேடுவோர் பதிவும் ஆலோசனையும் இலவசம். உயர்கல்வித் துறையின் கெட்டா சேவை படிப்பு, தொழில் பற்றிய கேள்விகளுக்கு விடை தருகிறது. இங்கே படித்தவர்கள் தங்கள் பல்கலைக்கழகக் கரியர் சென்டரிடம், படிப்பு முடிந்தபின்னும் பழைய மாணவர்களுக்கு உதவுகிறீர்களா என்று கேட்கத் தயங்கவேண்டாம்.

யாரை எடுப்பது

சான்று என்றால் ஐசிஎஃப் என்ற சர்வதேச அமைப்பின் மூன்று படிகளை அடிக்கடி பார்ப்பீர்கள். ஏசிசிக்குக் குறைந்தது 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேரக் கோச்சிங் அனுபவமும். பிசிசிக்கு 125ம் 500ம். எம்சிசிக்கு 200ம் 2,500ம். இங்கே கொமென்சா என்ற தென்னாப்பிரிக்கக் கோச்சுகள் அமைப்பும் இருக்கிறது. அதற்கு ஒழுக்க விதிகள் உண்டு. சான்று இருந்தால் பயிற்சி இருக்கிறது என்று தெரியும், அவ்வளவே. உங்கள் துறையும் இந்த ஊர் வேலைச் சந்தையும் அவருக்குத் தெரியும் என்று ஆகாது. வார இறுதிக் கோர்ஸ் ஒன்றின் சான்றிதழைப் பெரிதாக மாட்டியிருப்பவர்களும் உண்டு. எத்தனை மணி நேரம் என்று கேட்டால் தெரிந்துவிடும்.

மூன்று பேரோடு முன்பேச்சு வையுங்கள். இருபது, முப்பது நிமிட முதல் பேச்சுக்குப் பெரும்பாலானோர் காசு கேட்பதில்லை. எல்லோரிடமும் ஒரே கேள்விகள்:

என் மாதிரி ஆளோடு, வெளிநாட்டுச் சான்றிதழோடு வந்தவரோடு, வேலை செய்திருக்கிறீர்களா, என்ன நடந்தது? (பெயர் சொல்லாமல் சொல்வார் என்றால் நல்லது. பெயரோடு சொன்னால் நாளை உங்கள் கதையும் வெளியே போகும்.) எந்த மாதிரி ஆளை நீங்கள் எடுப்பதில்லை? "எல்லோருக்கும் உதவுவேன்" என்பது மோசமான பதில். மூன்றாவது சந்திப்பில் ஒன்றும் நகரவில்லையென்றால் என்ன செய்வோம்? கடைசியாக, வீட்டு விஷயம். "ஊரில் அப்பா அம்மாவுக்கு மாதம் பணம் அனுப்புகிறேன், தங்கை கல்யாணம் இருக்கிறது, அதனால் சம்பளம் குறையும் வேலைக்கு இரண்டு வருடம் போக முடியாது" என்று சொல்லிப் பாருங்கள். "முதலில் உங்களுக்காக வாழக் கற்றுக்கொள்ளுங்கள்" என்று தொடங்குபவர் உங்களுக்கு ஆகாது. அதைக் கணக்கில் ஒரு எண்ணாக எடுத்துக்கொண்டு மேலே கேட்பவர் ஆகும்.

பேச்சு முடிந்ததும் ஒன்றை மட்டும் பாருங்கள்: யார் அதிகம் பேசினார்கள்? அரை மணியில் இருபது நிமிடம் அவரே பேசியிருந்தால், காசு கட்டியபின்பும் அப்படித்தான்.

தமிழில் பேசும் கோச் வேண்டும் என்ற ஆசை நியாயமானது. மனக்குழப்பத்தை இங்கிலீஷில் சொல்லும்போது பாதி ஆறிப்போய்விடும். ஆனால் இங்கே பிறந்த தமிழர்களில் பெரும்பாலோர் வீட்டிலும் இங்கிலீஷ்தான் பேசுகிறார்கள். பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சென்னையிலிருந்து ஆன்லைனில் கோச்சிங் எடுப்பவர்கள் உண்டு. மொழி கிடைக்கும், ரூபாயில் கட்டணமும் பெரும்பாலும் குறைவு. இந்தியா நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் இருப்பதால், இங்கே மாலை 6 மணி என்றால் அவருக்கு இரவு 9.30, சனிக்கிழமை காலையே இருவருக்கும் நல்லது. முடிவெடுக்கத் தடுமாறுபவருக்கு, பயந்து நிற்பவருக்கு அது போதும். இந்த ஊர்ச் சம்பளப் பேரம், நோட்டீஸ் காலம், இஇ பற்றியெல்லாம் அவரிடம் கேட்காதீர்கள். ஒரு வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்குச் சட்டப்படி குறைந்தது நான்கு வார நோட்டீஸ் என்பது போன்ற விஷயங்களை மூன்றாம் வாரத்தில் பேசிய அந்த ஐந்து பேரில் ஒருவரிடம் கேட்பதே நல்லது.

விலகிப் போக வேண்டிய ஆட்கள்

வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பதிவுக் கட்டணம் கேட்பவர் கோச் அல்ல. 2014ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சேவைச் சட்டப்படி வேலை தேடுபவரிடம் அதற்குக் கட்டணம் வாங்குவது பொதுவாகத் தடை. பேசி வழிகாட்டுவதற்குக் கட்டணம் வாங்கலாம். வேலையில் அமர்த்தித் தருவதற்கு வாங்கக்கூடாது. இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி விற்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொரு வகையினர் நான்காவது சந்திப்பில், "உங்களுக்கே கோச் ஆகும் குணம் இருக்கிறது, என் பயிற்சி வகுப்பில் சேருங்கள்" என்பார்கள். வந்த கேள்வி அங்கேயே நிற்கும், கட்டணம் மட்டும் ஐந்து மடங்காகியிருக்கும். "இன்று இரவுக்குள் சேர்ந்தால் பாதி விலை" என்பவரும் இந்த ரகமே. ஆற அமர முடிவெடுக்கக் கற்றுத் தர வேண்டியவரே அவசரப்படுத்துகிறார்.

கையெழுத்துப் போடும்போது

பன்னிரண்டு சந்திப்புப் பொட்டலம் வேண்டாம். மூன்று என்று தொடங்கி, பிடித்தால் மூன்று கூட்டுங்கள். ஒரு சந்திப்புக்கு எத்தனை நிமிடம், எத்தனை மணி நேரம் முன் சொன்னால் ரத்துக் கட்டணம் இல்லை, இடையில் வாட்ஸ்அப்பில் கேள்வி கேட்கலாமா, கட்டிய பணம் எப்போது திரும்பும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி வாங்குங்கள்.

குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தம் போட்டிருந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு 20 வேலை நாள் எழுத்து நோட்டீஸ் கொடுத்து வெளியேற உங்களுக்கு உரிமை தருகிறது. அவர் நியாயமான ஒரு ரத்துக் கட்டணம் பிடிக்கலாம், முழுப் பணத்தையும் அல்ல. ஆன்லைனில் வாங்கிய சேவைக்கு ஏழு நாள் மனமாறும் காலம் உண்டு. ஆனால் அந்த ஏழு நாளுக்குள் உங்கள் சம்மதத்தோடு சேவை தொடங்கிவிட்டால் அந்த உரிமை போய்விடும். மனதில் சிறு உறுத்தல் இருந்தால் முதல் சந்திப்பை எட்டாம் நாளுக்குப் போடுங்கள்.

சிவி அனுப்பும்போது ஐடி எண், பாஸ்போர்ட் எண், வீட்டு முகவரி மூன்றையும் எடுத்துவிடுங்கள். சம்பளச் சீட்டு கேட்டால் ஏன் என்று கேளுங்கள்; தொகையை வாயால் சொன்னால் போதும்.

தொடங்கியபின்

முதல் சந்திப்புக்கு முன் இலக்கை எண்ணக்கூடிய மாதிரி எழுதுங்கள். "கரியரில் தெளிவு" என்பதை எப்படி அளப்பது? "ஆறாம் வாரத்துக்குள் எட்டுப் பேரிடம் பேசியிருப்பேன், இரண்டு துறைகளில் ஒன்றைக் கைவிட்டிருப்பேன்" என்றால் ஆறாம் வாரம் ஆம், இல்லை என்று சொல்லிவிடலாம்.

ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரே ஒரு கேள்வியோடு போங்கள், முந்தின நாள் இரவே எழுதி. கேள்வி இல்லாமல் போனால் அந்த வார ஆபீஸ் கதை பேசியே ஒரு மணி நேரம் கரைந்துவிடும். மனது லேசாகும், ஏதோ நடந்ததுபோல் இருக்கும். இது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. அடுத்தது, கோச் சிவி திருத்துபவராக மாறிவிடுவது. சிவி திருத்துவதை இதைவிடக் குறைந்த செலவில் வேறு யாராவது செய்வார்கள். மூன்றாவது, எதற்கெடுத்தாலும் "கோச்சைக் கேட்டுச் சொல்கிறேன்" என்பது. நல்ல கோச் இதைத் தானே வெட்டிவிடுவார். கெட்டவர் அடுத்த பொட்டலத்தை விற்பார்.

மூன்றாவது சந்திப்பு முடிந்த அன்றே கணக்குப் பாருங்கள். முன்பு செய்யாத எதையாவது செய்தீர்களா? புதிதாகத் தெரிந்துகொண்டது கணக்கில் வராது. ஒன்றுமே இல்லையென்றால் அதை அவரிடமே நேராகச் சொல்லுங்கள். பெரியவர் மனது நோகுமே என்று சொல்லாமல் இருந்துவிட்டு, அடுத்த சந்திப்புக்கு உடம்பு சரியில்லை என்று மெசேஜ் போட்டு நழுவுவது நம்மில் பலருக்குப் பழக்கம். நழுவிய சந்திப்புக்கும் பணம் போகும். "இதுவரை நான் எதையும் மாற்றவில்லை. முறையை மாற்றலாமா, நிறுத்தலாமா?" என்ற இரண்டு வரி போதும். அவர் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதிலேயே விடை தெரிந்துவிடும்.

நிறுத்தும்போது கடைசி அரை மணியை, இனித் தனியாகச் செய்யப்போகும் மூன்று மாத வேலைகளைத் தேதியோடு எழுத வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளை வீட்டில் ஒருவரிடமோ துறை நண்பரிடமோ கொடுத்து, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்கச் சொல்லுங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, கோச் எழுதி வைத்த குறிப்புகளையும் உங்கள் சிவியையும் பதிவு செய்த வீடியோக்களையும் தேவை முடிந்தபின் அழிக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஒரு மின்னஞ்சல் போட்டு, அழித்துவிட்டேன் என்ற பதிலை வாங்கி வையுங்கள்.